ஆடிக் காற்றில் ஓர் ஆங்கிலப் பட்டிமன்றம்

செலின் மைக்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். விட்டால் காற்று அதைச் சாய்த்துவிடும்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை. எங்கள் கல்லூரித் திடலில் போட்டிருந்த பந்தல் துணி உப்பி உப்பித் தணிந்தது. பல்லுக்கிடையில் மணல் நறநறத்தது. உதட்டை நாக்கால் தொட்டால் உப்புக் கரித்தது. பெண்கள் பக்கம் எல்லாரும் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக் காதோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க வீட்டுல நடந்த ஒண்ணச் சொல்லுதேன்," என்று ஆரம்பித்த செலின், அதோடு நின்றுவிட்டாள்.

அவள் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். ஆண்கள் பக்கத்தில் ஓரமாக, மாதா கோவிலுக்குப் போட்டுப்போகும் வெள்ளைச் சட்டையோடு அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். சூசை தண்டல். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகிற பாய்த்தோணியின் தலைவரைத் தூத்துக்குடியில் தண்டல் என்பார்கள். மகள் என்ன சொல்லப் போகிறாள் என்று அவருக்குத் தெரியாது. மேடையில் அவளுக்கு எதிரணியில் இருந்த எனக்கும் தெரியாது.

பட்டிமன்றத்தின் தலைப்போ ஆங்கில இலக்கியம். தோணிக்காரர் வீட்டுச் சங்கதி அதற்குள் எப்படி வந்தது என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

யாருக்கும் வேண்டாத படிப்பு

போன வாரம் இந்தப் பத்தியில் விடுதிச் சாம்பாரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, என்னோடு விடுதியில் இருந்த ஒருத்தி தொலைபேசியில் சண்டைக்கு வந்தாள். சாம்பார் அவ்வளவு மோசமில்லையாம். சரி, மோசமில்லை என்றே வைத்துக்கொள்வோம். இந்த வாரம் சாப்பாட்டை விட்டுப் படிப்புக்கு வருகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. திருச்செந்தூர்ப் பக்கத்து நாசரேத்திலிருந்து வந்து, தூத்துக்குடியில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பு இரண்டு பெஞ்சுக்குள் அடங்கிவிடும். எங்களுக்குக் கீழே இருந்த வகுப்புகளுக்கு ஒரு பெஞ்சே தாராளம்.

புதுத் துறைமுகம் வந்த நேரம் அது. ஷிப்பிங் ஆபீஸ், கஸ்டம்ஸ், பேங்க் என்று எங்கே பார்த்தாலும் கணக்கும் டைப்பிங்கும் தெரிந்தவர்களைத்தான் தேடினார்கள். பெற்றவர்கள் பிள்ளைகளைக் காமர்ஸில் சேர்ப்பதில் தப்பே இல்லை.

பிரின்சிபால் அம்மா ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அடுத்த வருஷத்திலிருந்து லிட்ரேச்சருக்கு ஆள் எடுக்கப் போவதில்லை. அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆள் வந்தால் நடத்துகிறேன், வராத வகுப்பை எப்படி நடத்த என்று எங்களிடமே கேட்டார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். என் அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். ஆங்கிலம் படித்தால் வாத்தியார் வேலைக்காவது போகலாம் என்று என்னை அனுப்பியவர். எனக்கு இந்தப் படிப்பின் மேல் பைத்தியம். எங்களுக்குக் கீழே இருக்கிறவர்களோடு இது முடிந்துவிடும் என்பதை நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.

வழியைக் கண்டுபிடித்தவள் முத்துலட்சுமி. உப்பு வியாபாரி தங்கராஜ் அண்ணாச்சியின் மகள். அவள் சொன்னது இவ்வளவுதான்: "நம்ம என்ன படிக்கோம்னு நம்ம வீட்டுலயே யாருக்கும் தெரியாது. தெரியாத படிப்புல எவம்ளா பிள்ளையச் சேப்பான்?"

தெரியவைக்க அவள் வைத்த யோசனை பட்டிமன்றம். அதுவும் தமிழில்.

தங்கராஜ் அண்ணாச்சிக்குப் பட்டிமன்றம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். திருச்செந்தூரில் விசாகத்துக்கு நடந்தாலும் சரி, எங்கேயாவது கோயில் கொடை விழாவில் நடந்தாலும் சரி, தீர்ப்பு சொல்லி முடிக்கும்வரை இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார். பந்தலும் மைக் செட்டும் தன் பொறுப்பு என்று அவர் கேட்ட மாத்திரத்தில் ஒப்புக்கொண்டார்.

எங்கள் துறைத் தலைவிக்குத்தான் மனசே ஆகவில்லை. ஆங்கில இலக்கியத்தைத் தெருவில் இறக்கி, குழாய் ஒலிபெருக்கியில் கத்துவதா என்று கேட்டார். புதிதாகச் சென்னையிலிருந்து வந்திருந்த வசந்தா மிஸ் எங்கள் பக்கம் நின்றார். பிரின்சிபால் அம்மா இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, நடக்கட்டும், இதைப் பார்த்து ஆள் வந்தால் வகுப்பும் நடக்கும் என்று சொல்லிவிட்டார்.

காதல் படுத்திய பாடு

முதல் சிக்கல் பெயரில் வந்தது.

ஆங்கில இலக்கியத்தை நாங்கள் காலவாரியாகப் பிரித்துப் படித்தோம். ரொமாண்டிக் காலம், விக்டோரியா ராணி காலம், நவீன காலம். ரொமாண்டிக் என்பதற்கு அகராதியைப் பார்த்து முத்துலட்சுமி 'காதல் காலம்' என்று நோட்டீஸுக்கு எழுதிவிட்டாள். அச்சுக்குப் போவதற்கு முன்னால் அவள் அப்பா அதைப் படித்தார். இதை ஒட்டினால் புதுப் பிள்ளைகள் வருவது இருக்கட்டும், இருக்கிற பிள்ளைகளையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்றார்.

நானும் வசந்தா மிஸ்ஸும் அவருக்கு விளக்கினோம். இது ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள காதல் இல்லை அண்ணாச்சி. அறிவுதான் எல்லாம் என்றிருந்த நாட்டில், மனசுக்கும் ஒரு இடம் கொடு என்று சில கவிஞர்கள் கிளம்பினார்கள். மலையையும் ஆற்றையும் குழந்தையையும் ஆடு மேய்ப்பவனையும் பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அவ்வளவுதான்.

அப்படியானால் 'உள்ளக் கிளர்ச்சிக் காலம்' என்று போடலாமே என்றார் அண்ணாச்சி. இப்போது பிரின்சிபால் அம்மா தலையிட்டார். எமர்ஜென்சி இருந்த அந்த நாட்களில் கிளர்ச்சி என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினால் விசாரிக்க வேறு ஆட்கள் வந்துவிடுவார்கள். கடைசியில் 'மன எழுச்சிக் காலம்' என்பதில் வந்து நின்றோம்.

நவீனத்துக்கு அப்புறம் என்ன என்று நான் கேட்டேன். வசந்தா மிஸ் சிரித்தார். அங்கே புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது, அவர்களுக்கே இன்னும் பெயர் படிந்துவரவில்லை, அதை மேடைக்கு ஏற்ற வேண்டாம் என்றார்.

மனித மனதுக்கு நெருக்கமானது எந்தக் காலத்து ஆங்கில இலக்கியம் என்பது தலைப்பு. மன எழுச்சிக் காலத்தை நான் முதலிலேயே பிடித்துக்கொண்டேன். விக்டோரியா ராணி முத்துலட்சுமிக்கு. நவீன காலத்துக்கு யாரும் வரவில்லை. அந்தக் கவிதைகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று எங்களில் ஒருத்திக்கும் பிடிபட்டதில்லை.

"நான் பேசுதேன்," என்றாள் செலின்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். வகுப்பில் வாய் திறக்காதவள். கடற்கரையை ஒட்டிய தெருவில் அவள் வீடு. நான் ஒருமுறை கிறிஸ்துமஸுக்குப் போயிருக்கிறேன். சுவரில் மாதா படத்துக்குக் கீழே வீட்டில் எல்லாருடைய படமும் இருந்தது, ஒருவரைத் தவிர. அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான், புயலில் கடலோடு போய்விட்டான் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேச வாயெடுத்தபோது, செலின் கண்ணாலேயே என்னை நிறுத்திவிட்டாள். அவள் அம்மா சமையலறையிலிருந்து வந்து, இன்னும் கொஞ்சம் கறி வைக்கவா என்று கேட்டார். அந்த வீட்டில் பேச்சு இருந்தது. ஆனால் பேச்சுக்கு நடுவில் எல்லாரும் சுற்றிக்கொண்டு போகிற ஒரு இடமும் இருந்தது.

செலின் பி.ஏ. படிப்பதே அதிகம், இதோடு போதும் என்று அவள் அப்பா அப்போதே சொல்லியிருந்தார்.

மேடைத் தமிழ்

கூட்டம் நாங்கள் நினைத்ததைவிடக் கூடுதல். ஆடிக் காற்றில் தோணிகள் கொழும்புக்கு ஓடாது. பாயைக் கழற்றி வைத்துவிட்டுத் தோணிக்காரர்கள் எல்லாரும் கரையில் சும்மா இருக்கும் மாதம். உப்பள ஆட்களை அண்ணாச்சி அழைத்து வந்திருந்தார். காமர்ஸ் பிள்ளைகள் எங்களைக் கேலி செய்வதற்கென்றே வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள்.

நடுவர் திருச்செந்தூரில் ஒரு உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர். புலவர் ஐயா என்று கூப்பிடுவோம். தனக்கு ஆங்கிலம் அரைகுறை, அதனால் யார் பக்கமும் சாய வழியில்லை என்று அவர் ஆரம்பித்ததுமே கூட்டம் சிரித்துவிட்டது.

நான்தான் முதல். வாரக்கணக்காக எழுதி, விடுதி மாடியில் நின்று மனப்பாடம் செய்த பேச்சு. "அலைகடலின் ஆர்ப்பரிப்பே, அவனியின் பேரெழிலே" என்று தொடங்கி, ராஜாக்களையும் பிரபுக்களையும் விட்டு இறங்கி வந்த கவிஞர்களைச் சொன்னேன். இங்கிலாந்துக்குப் பக்கத்து நாட்டில் மக்கள் எழுந்து அரசனைக் கவிழ்த்ததையும், அந்தச் சூடு இவர்கள் பாட்டில் ஏறியதையும் சொன்னேன். சாதாரண மனிதன் பேசுகிற பேச்சே கவிதைக்குப் போதும் என்று அவர்கள் அறிவித்ததைச் சொல்லி முடித்தபோது, கைதட்டல் பந்தலைத் தூக்கியது. நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அடுத்து முத்துலட்சுமி. அவள் எழுதிவைத்துப் பேசவில்லை. விடியுமுன் ஊதும் பஞ்சாலைச் சங்கு நம் எல்லாரையும் எழுப்புகிறது, அந்த நாட்டில் அந்தச் சங்குக்குச் சின்னப் பிள்ளைகள் எழுந்து வேலைக்கு ஓடினார்கள் என்றாள். புகைபோக்கிகளும் சேரிகளும் கடன் கட்டாதவர்களைப் போடும் சிறையும் கதைக்குள் வந்தது அப்போதுதான். பெண் ஒருத்தி கதைக்கு நடுவில் நின்று, எனக்கும் புத்தி இருக்கிறது என்று சொன்னதும் அப்போதுதான். அந்தப் பெரிய பெரிய நாவல்கள் முதலில் பத்திரிகைகளில் தொடராகத்தான் வந்தன, தொடரும் என்று போட்ட இடத்தில் அந்த ஊர்ப் பெண்களும் நம்மைப் போலத்தான் தவித்தார்கள் என்று அவள் சொன்னபோது, பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் என் வெற்றி கைநழுவுவது எனக்குத் தெரிந்தது.

மூன்றாவதாக நடுவர் செலினைக் கூப்பிட்டார். நவீனக் கவிதை புரியாது என்று சொல்கிறார்கள், புரியவைக்க முடிகிறதா பார்ப்போம் என்றார்.

செலின் எழுந்து வந்து மைக்கைப் பிடித்தாள்.

மூன்று வார்த்தை

அவள் நின்றது எவ்வளவு நேரமோ தெரியாது. காமர்ஸ் பிள்ளைகள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செலின் அப்பாவிடமிருந்து பார்வையை எடுத்துக் கூட்டத்தைப் பார்த்தாள்.

"எங்கப்பா தோணில தண்டல். எங்கண்ணனும் அதே தோணிலதான் போனான். புயல் வந்துச்சு. அப்பா மட்டும் திரும்பி வந்தாவ. என்ன நடந்துச்சுன்னு அம்மா கேட்டாவ. அப்பா மூணு வார்த்த சொன்னாவ. 'காத்து. கயிறு. கையி.' அம்புட்டுதான். அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுல அதப் பத்தி யாரும் பேசல."

பந்தல் துணி படபடத்தது.

"எங்கப்பாவுக்குப் பேசத் தெரியாம இல்ல. கொழும்புல சிங்களத்துல வெல பேசுவாவ. பாய் ஏத்தும்போது பாட்டுக் கட்டிப் பாடுவாவ. ஆனா அந்த ஒண்ணச் சொல்ல அவங்களுக்கு அம்புட்டு வார்த்ததான் இருந்துச்சு."

அதன் பிறகு அவள் இங்கிலாந்துக்குப் போனாள். பெரிய யுத்தம் ஒன்று வந்தது. ஊர் ஊராக இளைஞர்கள் போனார்கள். பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களுக்குப் பழைய பாட்டுப் போல, எதுகை வைத்து, வாக்கியம் முடித்துப் பேச வரவில்லை. அதனால் அந்தக் காலத்துக் கவிஞர்கள் ஒரு வரி எழுதி நிறுத்தினார்கள். அடுத்த வரி வேறு எங்கோ இருந்து வரும். நடுவில் இருப்பதைப் படிக்கிறவர்தான் நிரப்ப வேண்டும். இதையெல்லாம் அவள் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே சொன்னாள். ஒரு சொல்லைக்கூட மேடைக்காக மாற்றவில்லை.

"கிளாஸ்ல எல்லாரும் புரியலன்னு சொன்னாங்க. எனக்குப் புரிஞ்சுது. எங்க வீடு அப்படித்தான இருக்கு. முழுசாச் சொல்ல முடியாத ஒண்ண முழுசாச் சொன்னா அது பொய்யாயிரும். அதான் அவங்க பாதில நிறுத்துதாங்க. பாதின்னாலும் அது நெசம்."

மைக்கை ஒரு கையால் பிடித்தபடி ஒதுங்கி நின்றாள். யாரும் கை தட்டவில்லை.

ஆண்கள் பக்கத்தில் சூசை தண்டல் எழுந்தார். நாற்காலிகளுக்கு நடுவே வழி விட்டார்கள். அவர் மேடையை நோக்கி நடந்து வந்தபோது தங்கராஜ் அண்ணாச்சி பாதி எழுந்துவிட்டார். ஊர் முன்னால் வீட்டுச் சங்கதியைச் சொல்லிவிட்ட மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகப்போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். செலின் அசையவில்லை.

அவர் மேடைக்குக் கீழே நின்று, பலகையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். மைக் பக்கத்தில் இருந்ததால் அவர் மெதுவாகச் சொன்னது திடல் முழுவதும் கேட்டது.

"எல்லாஞ் சொன்ன மக்கா. அவன் பேரச் சொல்லாம விட்டுட்டியே."

செலின் உதடு கோணியது. "நீங்க சொல்லுங்கப்பா."

"என்னால ஆகாது. நீ சொல்லு."

அவள் மறுபடி மைக்குக்கு நேரே வந்தாள். "சிலுவை," என்றாள். "எங்கண்ணன் பேரு சிலுவை."

குழாய் ஒலிபெருக்கி அந்தப் பெயரை மதிலுக்கு அப்பால் சாலைக்குக் கொண்டுபோனது. பெண்கள் பக்கத்திலிருந்து அவள் அம்மாவின் அழுகைச் சத்தம் கேட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். சூசை தண்டல் தலையை ஒருதரம் ஆட்டிவிட்டு, திரும்பி நடந்து, தன் நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தார்.

தீர்ப்பு

அப்போதுதான் கைதட்டல் வந்தது. முதலில் தட்டியவர் யார் என்று பிற்பாடு எங்களுக்குள் வழக்கு நடந்தது. முத்துலட்சுமி தான்தான் என்பாள். நான்தான் என்பது என் கட்சி.

புலவர் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். என்னைத்தான் முதலில் பிடித்தார். சாதாரண மனிதன் பேச்சே கவிதை என்று நாசரேத்துப் பொண்ணு அருமையாகச் சொல்லிச்சு, ஆனா அதையே அவனியின் பேரெழில்லயே சொல்லிச்சு என்றதும் எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். என் கட்சிக் கொள்கையை நடத்திக் காட்டியது எதிர்க்கட்சிச் செலின்தான் என்றார். முத்துலட்சுமி சொன்ன உழைக்கிற ஜனங்களின் பாடும் செலின் பேச்சிலேயே வந்துவிட்டது. ஆகவே முன்னால் வந்த இரண்டு காலத்தையும் உள்ளே வாங்கிக்கொண்டு நிற்பது நவீன காலம், தீர்ப்பு அதற்கே என்று முடித்தார்.

பிறகு வாழ்க்கையில் நான் வாங்கிய பரிசுகள் உண்டு, பட்டங்கள் உண்டு. அந்தத் தோல்வியைச் சொல்லும்போது வருகிற பெருமை அவற்றைச் சொல்லும்போது வருவதில்லை. அந்த மேடையில் நானும் உட்கார்ந்திருந்தேன் என்று இன்றைக்கும் யாரிடமாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

கூட்டம் கலையும் நேரத்தில் தங்கராஜ் அண்ணாச்சி எழுந்து, நவீனத்துக்கு அப்புறம் என்ன என்று கேட்டார். நடுவர் வசந்தா மிஸ்ஸைக் கைகாட்டினார். இப்போது அங்கே எழுதுகிறவர்கள் கதை சொல்பவனையே சந்தேகப்படுகிறார்கள், கதை தன்னைத்தானே கேலி செய்துகொள்கிறது, ஒரே கதைக்கு இரண்டு மூன்று முடிவு வைக்கிறார்கள் என்று மிஸ் சொன்னார். அண்ணாச்சி யோசித்தார். கதை சொல்லுதவனையே நம்பக்கூடாதுன்னா அவன் கதையை நான் ஏன் வாங்கணும் என்று கேட்டார்.

பின்னாளில் அதற்குப் பின் நவீனத்துவம் என்று பெயர் வந்தது. கல்லூரியில் ரொம்ப காலம் அந்தப் பாடத்தை நான்தான் நடத்தினேன். முதல் நாள் அண்ணாச்சியின் கேள்வியைத்தான் கரும்பலகையில் எழுதுவேன். வருஷம் முழுக்க மாணவிகள் அதோடு மல்லுக்கட்டுவார்கள்.

அதற்கப்புறம்

மறுநாள் வகுப்பில் செலினிடம், வீட்டில் அப்பா முழுசும் சொன்னாரா என்று கேட்டேன்.

இல்லை என்றாள். சாப்பிட்டு முடித்து, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, இன்னும் இரண்டு வார்த்தை சொன்னாராம். அது என்ன என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அந்த வாரமே சிலுவையின் படம் சுவருக்கு வந்தது. நான் போய்ப் பார்த்தேன். செலினின் சாயல், ஆனால் சிரிக்கிற முகம்.

எம்.ஏ. படிக்கட்டும் என்று அவள் அப்பாவே வாய்விட்டுச் சொன்னார். பாளையங்கோட்டைக்குப் போய்ப் படித்தாள். என்னைவிட நல்ல ஆசிரியையாக இருந்தாள் என்று அவளிடம் படித்தவர்களும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன்.

லிட்ரேச்சர் வகுப்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதற்கும் நானே சாட்சி.

பரீட்சை எழுதி முடித்துவிட்டு, சான்றிதழ் வாங்குவதற்காக ஜூன் மாதம் கல்லூரி ஆபீசுக்குப் போயிருந்தேன். அட்மிஷன் நேரம். ஜன்னலுக்கு முன்னால் அப்பாக்களும் மகள்களும் வரிசையாக நின்றார்கள். எனக்கு முன்னால் நின்றவர் பெரியதாழை என்ற கடற்கரை ஊரிலிருந்து வந்திருந்தார். வெயிலில் கறுத்த மனிதர். பக்கத்தில் ரெட்டைச் சடை போட்ட மகள்.

என்ன குரூப் வேண்டும் என்று குமாஸ்தா கேட்டார். அந்த மனிதருக்குச் சொல்லத் தெரியவில்லை. மகளைப் பார்த்தார். அவள் வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தாள். காமர்ஸா என்று கேட்டார் குமாஸ்தா. இல்லை என்று தலையாட்டினார். ஹிஸ்டரியா? அதுவும் இல்லை.

"படிப்பு பேரு தெரியாது அண்ணாச்சி," என்றார் கடைசியில். "ஆடி மாசம் இங்கன மைக்குல ஒரு பிள்ள அண்ணன் பேரச் சொல்லிச்சுல்லா. அந்தப் படிப்பு."

குமாஸ்தா பேனாவைத் திறந்து, இங்கிலீஷ் லிட்ரேச்சர் என்று எழுதினார். எனக்குச் சான்றிதழை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்து யார் என்று கேட்டார்.

எனக்குப் பின்னால் நின்றவர் தன் மகளை முன்னால் விட்டு, "எங்களுக்கும் அதான்," என்றார்.